கிராம்பு மணக்காத இடம்

கிராம்புப் பொட்டலத்தை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பிச்சமுத்துவுக்கு, மனைவி பின்னால் கடந்துபோன நேரம் மட்டும் வாசனை நின்றது.

குறையவில்லை. நின்றது. அவள் அடுப்படிக்குள் போனதும் கிராம்பின் காரம் மறுபடி வந்து மூக்கின் உச்சியில் உட்கார்ந்துகொண்டது. அவன் கண்ணைத் திறந்து பொட்டலத்தைப் பார்த்தான். நான்கு கிராம்புகள், இருந்த இடத்திலேயே இருந்தன. மூச்சை இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவே ஏதோ தடுமாற்றம், உடம்பு இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்த பொட்டலத்தைப் பிரித்தான்.

அது வெள்ளம் வந்த வருஷம். ஆடியில் காவிரி கரையை மீறியது. தண்ணீர் வடிந்து, சுவர்களில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு காய்ந்துகொண்டிருந்தபோதே உறையூர்த் தெருக்களுக்குள் காய்ச்சல் புகுந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊரையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சலின் தங்கச்சி என்று அதற்குப் பேர் வைத்தார்கள். காய்ச்சல் கண்டவர்களில் பாதிப் பேர் ஒரு வாரத்தில் எழுந்து நடந்தார்கள். சிலர் எழுந்திருக்கவே இல்லை. பிச்சமுத்து இரண்டு கணக்கிலும் சேராதவன். பத்தொன்பது நாள் கிடந்து எழுந்தான். ஆனால் எழுந்தவன் முழு ஆளாக இல்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. சொம்பைத் தூக்கினால் தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது. பத்தடி நடந்தால் நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மூக்கு போய்விட்டது.

மற்றவர்களுக்கு மூக்கு போனால் சாப்பாடு ருசிக்காது, அவ்வளவுதான். பிச்சமுத்துவுக்கு மூக்குதான் தொழில். காஜா மைதீன் ராவுத்தரின் சுருட்டுக் கொட்டகையில் முப்பது பேர் இலை சுருட்டினார்கள். எந்த இலை எந்தச் சுருட்டுக்கு என்று சொல்வதற்கு அவன் ஒருவன்தான். இலைக்கட்டைப் பிரித்து, நடு இலையை உருவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கி முகர்வான். இது பக்குவம், இதற்கு இன்னும் எட்டு நாள் வேண்டும், இதை உரத்துக்குப் போடு என்று சொல்வான். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவையும் தவறியதில்லை. கண்ணால் பார்ப்பதை அவன் நம்புவதில்லை. நிறம் ஏமாற்றும் என்பான்.

ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதிக்குப் பின்னால் இருந்த சேஷு ஐயங்கார் வைத்தியர்தான் அந்த நான்கு பொட்டலங்களைக் கொடுத்தார். கிராம்பு, ஏலக்காய், பச்சைக் கற்பூரம், பெருங்காயம்.

"காலம்பரயும் சாயங்காலமும் ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாரு. வாசனை வரலைன்னாலும் மோந்து பாரு. அது எப்படி இருந்ததுன்னு மனசால நினைச்சுண்டே மோந்து பாரு. வழி மறந்துபோன மாட்டைப் பழைய தொழுவத்துக்கு ஓட்டிண்டு வர மாதிரிதான் இது. தினமும் நடக்கவும் நடக்கணும். இன்னிக்கு நின்ன இடத்தைத் தாண்டிப் பத்தடி நாளைக்கு."

"தொழிலுக்குப் போலாமா சாமி?"

"மூச்சு வாங்காம என் வாசல்ல வந்து நில்லு, சொல்றேன். அதுவரைக்கும் புகையிலைத் தூசு கிட்டயே போகப்படாது. அந்த நெஞ்சு தாங்காது."

அப்படித்தான் நடந்தான். முதல் வாரம் தெருக்கோடி வரை. பிறகு தென்னூர் வரை. பிறகு காவிரிப் பாலத்தின் முதல் தூண். கார்த்திகை பிறந்தபோது நடுவில் இரண்டே இடத்தில் நின்று ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தான்.

மூக்கும் அப்படித்தான் அடி அடியாகத் திரும்பியது. முதலில் வந்தது கிராம்போ கற்பூரமோ இல்லை. ஒரு நாள் காலை, தூங்கும் குழந்தையை மடியில் வைத்திருந்தபோது, அவள் உச்சந்தலையிலிருந்து தேங்காய் எண்ணெயும் புளித்த பாலும் வெயிலில் காய்ந்த துணியும் சேர்ந்த ஒரு வாசனை மெல்லிய நூலாகக் கிளம்பி அவனுக்குள் போயிற்று. குஞ்சம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு தங்கிய ஒரே பிள்ளை. அவன் அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். இவள் ஒருத்தி நிலைத்துவிட்டால் போதும், மூக்கு போனாலும் தொழில் போனாலும் போகட்டும் என்று அந்தக் காலை நினைத்தது அவனுக்கு நினைவிருக்கிறது.

சந்திரம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சா?" என்றாள்.

"இவ வாசனை வருது சந்திரா."

"எல்லாமா?"

"எல்லாம் எங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்னார் வைத்தியர்."

அவள் படி ஏறி உள்ளே வந்தாள். "மெதுவா வரட்டுங்க. என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மழை விழுந்த மண். விறகுப் புகை. எதிர்வீட்டு நெசவுத் தறியிலிருந்து கஞ்சிப் பசை. காலைக் காற்றோடு வரும் ஆற்றங்கரைச் சேறு. தன் வேட்டி, தன் வேர்வை. கூடத்துக்குப் பின்னாலிருந்த புகையிலை அறைக் கதவின் கீழ் இடுக்கிலிருந்து, வெல்லத் தண்ணீர் தெளித்த இலையின் கனத்த, இனித்த, லேசாகத் தலை சுற்றவைக்கும் வாசனை. வெள்ளத்தின்போது ராவுத்தரின் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறியதால், மேட்டில் இருந்த பிச்சமுத்துவின் வீட்டுக்கு நாற்பது கட்டு இலையைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தட்டுத் தட்டாக அடுக்கி, மேலே ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. அடுக்கின் உள்ளே சூடு ஏறி இலை பழுக்கும். வாரத்துக்கு ஒரு முறை பிரித்து, உள்ளே இருப்பதை வெளியிலும் வெளியே இருப்பதை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். அவன் கிடந்த நாளெல்லாம் அந்த வேலையைச் சந்திரம்மாளே பார்த்துக்கொண்டதாகச் சொன்னாள்.

எல்லா வாசனையும் வந்தது. சந்திரம்மாளின் வாசனை மட்டும் வரவில்லை.

பத்து வருஷ வாழ்க்கை. அவள் இருட்டில் வந்து படுத்தால் ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வரும். கழுத்துக்குழியில் மஞ்சள், காதோரம் எண்ணெயும் வேர்வையும், வாயில் வெற்றிலையோடு ஒரு துளி கிராம்பு, விரல் நுனியில் சீரகம். வைத்தியர் கிராம்பை நினைத்துக்கொண்டு முகரச் சொன்னபோது அவன் நினைத்ததே அவள் வாயைத்தான். இப்போது அவள் பக்கத்தில் படுத்தால் பாயின் கோரை வாசனைகூட அந்தப் பக்கம் இல்லை. ஒரு நாள் அவள் கிணற்றடிக்குப் போயிருந்தபோது, கொடியில் கிடந்த அவள் சேலையை எடுத்து முகத்தில் அழுத்தி இழுத்தான். மூன்று நாள் அடுப்படியில் நின்ற சேலை. அதில் புகை இல்லை. வேர்வை இல்லை. துணி வாசனைகூட இல்லை.

திரும்பினால் குடத்தோடு நின்றாள்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. துவைக்கணுமான்னு பார்த்தேன்."

"நானே துவைச்சுக்குவேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்புதான். ஓரத்துப் பல் தெரிய, கண் சுருங்க. அதைப் பார்த்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. நிறம் ஏமாற்றும் என்று உடனே நினைத்ததும், அந்த வெட்கம் நெஞ்சுக்குள் வேறு ஒன்றாகக் கெட்டியாயிற்று.

அந்த வாரம் ஸ்ரீரங்கம் போனபோது வைத்தியரிடம் சொன்னான்.

"எல்லாம் வருது சாமி. என் சம்சாரத்தோட வாசனை மட்டும் வரல."

சேஷு ஐயங்கார் சிரித்தார். "பத்து வருஷம் ஆனா எல்லாருக்கும் அப்படித்தாண்டா." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "மூக்கு தேறி வரச்சே கோணல் பண்ணும். காப்பி கருகல் மாதிரி அடிக்கும். பூ அழுகல் மாதிரி அடிக்கும். அவ கிட்ட வந்தா வேற ஏதாவது தப்பா அடிக்கறதா?"

"தப்பாவும் இல்ல சாமி. ஒண்ணுமே இல்ல. அவ கிட்ட வந்தா மத்ததும் நின்னுபோகுது."

வைத்தியர் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்களை எடுக்கவில்லை. கோவில் பக்கத்திலிருந்து துளசி மாலை கொண்டுபோகிறவன் தெருவைக் கடந்தான்; அந்தப் பச்சை வாசனை வாசலில் வந்து நின்று, போயிற்று.

"அவளுக்கும் ஜுரம் வந்ததோ?"

"எனக்கு முன்னாலயே வந்துது. என்னை விட அதிகம்."

"யார் பார்த்துண்டா?"

"யாருமில்ல. தெருவே படுத்துக் கிடந்துது. நான் கண்ணு முழிச்சப்போ அவ எழுந்து நின்னுக்கிட்டிருந்தா. குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு."

"ஜுரத்துல கிடந்தவ, தேறினவ மாதிரி இருந்தாளா? முடி கொட்டித்தா? கை நடுங்கித்தா?"

பிச்சமுத்து யோசித்தான். அவள் அடர்ந்த கொண்டையும் தளும்பாமல் குடம் தூக்கி வரும் கையும் நினைவுக்கு வந்தன.

"இல்ல சாமி."

"ஒரு தடவை அழைச்சுண்டு வா. நாடி பார்க்கறேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வழக்கமாக வாசல்வரை வருகிறவர் அன்று எழுந்திருக்கவில்லை.

சந்திரம்மாள் வரமாட்டேன் என்றாள். "எனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன். ஆத்தைத் தாண்டியெல்லாம் என்னால வர முடியாது."

அன்று முதல் அவன் அளக்க ஆரம்பித்தான். அடுப்படிக்கு எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு, கால் பிடிக்கிறது என்று சாக்குச் சொல்லி, நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தான். சட்டியில் மிளகு பொரியும்போது மூக்கில் நெடி ஏறும். அவள் குனிந்து கிளறினால் நின்றுவிடும். பொரியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் நிமிர்ந்து விலகினால் நெடி மறுபடி அலையாக வந்து அடிக்கும். ஒரு கை நீளம் இருந்தது அது. அவளைச் சுற்றி, அவள் போகிற இடமெல்லாம் கூடவே போகிற ஒரு வெற்றிடம். கார்த்திகை தீபத்தன்று அவள் அகல்களை ஏற்றிக்கொண்டு வாசலில் நடந்தபோது, கண்ணை மூடியபடியே அவள் எங்கே நிற்கிறாள் என்று அவனால் சொல்ல முடிந்தது. எண்ணெய்த் திரியின் வாசனையில் எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே.

தீபம் முடிந்து எட்டாம் நாள் அளந்தபோது இரண்டு கை நீளம்.

மறுநாள் காலை ராவுத்தர் வந்தார். அத்தர் வாசனையும் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அரைச் சுருட்டின் வாசனையும் அவருக்கு முன்னால் வாசலுக்குள் நுழைந்தன.

"என்ன பிச்சமுத்து, தலையில நாலு முடிதான் மிச்சம் போலிருக்கு. அதையும் கொடுத்துட்டீன்னா என் கட்சியில சேர்ந்துடலாம்." தொப்பியை எடுத்துத் தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். "மூக்கு எப்படி? அதைச் சொல்லு. நீ இல்லாம கொட்டகையில ஆளாளுக்கு வைத்தியன். போன மாசம் போட்ட சரக்கு மாட்டுத் தொழுவம் மாதிரி நாறுதுன்னு வாங்கினவன் திருப்பி அனுப்பிட்டான்."

கொண்டுவந்திருந்த மூன்று இலைகளை அவன் கையில் வைத்தார். சந்திரம்மாள் தண்ணீர்ச் சொம்போடு வந்து பக்கத்தில் நின்றாள். பிச்சமுத்து முதல் இலையைக் கசக்கி முகர்ந்தான். இரண்டாவது. மூன்றாவது. மூன்றும் வெறும் தோல் மாதிரி, வாசனையே இல்லை. ராவுத்தரின் அத்தர்கூட இல்லை.

"தெரியல முதலாளி."

ராவுத்தர் முகம் சுருங்கியது. அதை மறைக்கத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். குஞ்சம்மா உள்ளே லேசாக அசைந்திருப்பாள் போல. சந்திரம்மாள் திரும்பி உள்ளே போனாள். அவள் நடையைத் தாண்டியதும் பிச்சமுத்துவின் உள்ளங்கையிலிருந்து மூன்று இலையும் ஒரே நேரத்தில் கிளம்பி வந்தன.

"இது வேதாரண்யத்து இலை" என்றான் தாழ்ந்த குரலில். "கடல் காத்து பட்டது. இது நம்ம கரூர்ப் பக்கம், மூணு வாரம் பழுத்தது, இன்னும் அஞ்சு நாள் வேணும். இது வெள்ளத் தண்ணி பட்டு, காயவெச்சு ஏமாத்துன சரக்கு. எவன் குடுத்தான்?"

ராவுத்தர் அவனையே பார்த்தார். "இப்பத் தெரியலைன்ன?"

"அப்பத் தெரியல."

"சரிதான். மூக்குக்கும் கிறுக்கு பிடிச்சுடுச்சு." எழுந்து சால்வையை உதறினார். "வர்ற வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிச்சு வண்டி அனுப்பறேன். உள்ள இருக்கிற அடுக்கை எடுத்துக்கலாம். ஆடியில போட்டது, வெந்தே போயிருக்கும்."

"அது இன்னும் ஆகலீங்க" என்றது சந்திரம்மாளின் குரல். எப்போது திரும்பி வந்தாள் என்று தெரியவில்லை. "நான்தானே பிரிச்சு அடுக்கறேன். எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"சரக்கு என்னோடதும்மா" என்று ராவுத்தர் சிரித்தார். ஆனால் படியிறங்கும்போது ஏனோ வேகமாக இறங்கினார்.

அன்று சாயங்காலம்தான் குழந்தையைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்பதைவிட, பல நாளாகத் தெரியாதது போல் நடித்ததை நிறுத்திக்கொண்டான். சந்திரம்மாள் விளக்குத் துலக்கப் போன நேரத்தில், தொட்டிலிலிருந்து குஞ்சம்மாவை எடுத்து உச்சந்தலையில் மூக்கை வைத்தான். எண்ணெய் தேய்த்த தலை. விரலில் பிசுக்கு ஒட்டியது. எண்ணெய் மணக்கவில்லை. நெற்றி, கன்னம், கழுத்து மடிப்பு. உதட்டோரம் முகர்ந்தான், பால் இல்லை. சந்திரம்மாள் எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் பால் கொடுத்தாள். என்ன கொடுக்கிறாள்? முழங்கால், பாதம். வலது குதிகாலில், ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில், அந்தப் பழைய வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்த துணி. புளித்த பால். அவன் அந்தக் குதிகாலை உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டான்.

குழந்தை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அழுது எத்தனை நாளாயிற்று என்று எண்ணினான். நினைவு வரவில்லை.

அந்த இரவு தூக்கம் வராமல், கற்பூரப் பொட்டலத்தை மார்பில் வைத்துக்கொண்டு கிடந்தபோது, வாசனையோடு ஒட்டிக்கொண்டு காய்ச்சல் நாள் ஒன்று திரும்பி வந்தது. விளக்கு வைக்கும் நேரம். விளக்கு வைக்க ஆளில்லை. குழந்தை கத்திக் கத்திக் குரல் உடைந்து கிடந்தது. பக்கத்தில் சந்திரம்மாள், அவன் நீட்டிய கை அவள் தோளில் பட்டது. நெருப்பாகச் சுட்ட தோள் இப்போது சுடவில்லை. நன்றாகிவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்து அவன் சந்தோஷப்பட்டான். பிறகு அந்தத் தோளின் கனம் புரிந்தது. எழ முடியவில்லை. தலையை மட்டும் திருப்பி, திறந்து கிடந்த வாசலைப் பார்த்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டான்.

அவன் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. விளக்கு வைத்த பிறகு வாசலைப் பார்த்து யாரையும் பேர் சொல்லாமல் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் பேரோடு கூப்பிடு, பேர் தெரியாதென்றால் எழுந்து போய்ப் பார் என்று அவன் அம்மா அதட்டுவாள். அன்று எந்தப் பேரைச் சொல்வது? தெருவில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாது.

"யாராச்சும் வாங்க. குழந்தை பசியால கத்துது. யாரா இருந்தாலும் சரி, வாங்க."

வாசலில் ஏதோ நின்றது. உருவம் நினைவில்லை. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சேற்று வாசனை சட்டென்று நின்றுபோனது மட்டும் நினைவிருந்தது. மூக்கு அன்றைக்குத்தான் போயிற்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"வரட்டுமா?" என்று கேட்டது.

"வா" என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்ததிலிருந்து அவன் மனதில் ஒன்றே ஒன்றுதான். வண்டி வந்ததும் அதிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட வேண்டும். தென்னூரில் அக்காள் வீடு இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் வைத்தியர் இருக்கிறார். ஆனால் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொன்று குறுக்கே வந்து நின்றது. மூக்கு கோணல் பண்ணும் என்று வைத்தியரே சொன்னார். காய்ச்சலில் கண்டது கனவு என்றால்? கிடந்த நாளில் தன் மலமூத்திரம் அள்ளியவளிடமிருந்து பால்குடி மறவாத பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் அவன் என்ன மனிதன்? பதினான்கு வருஷமாகக் கசக்கி முகராமல் எதையும் சொன்னதில்லை அவன். இதையும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

உச்சிப் பொழுதில் சந்திரம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினாள்.

"அவ இங்கயே இருக்கட்டுமே" என்றான்.

"உங்க கை நடுங்குது. கீழ போட்டுடுவீங்க."

நடுங்கத்தான் செய்தது. அவன் பிடுங்கியிருக்கலாம். அந்த ஒரு நேரம் இருந்தது. பிறகு அது போய்விட்டது. அவள் கொல்லைப் படி இறங்கினாள். ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, அகல் விளக்கை ஏற்றிக்கொண்டு, காய்ச்சல் வந்ததிலிருந்து அவன் திறக்காத புகையிலை அறையைத் திறந்தான்.

ஜன்னலில்லாத அறை. பகல் அதற்குள் வந்ததே இல்லை. கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் மோதியது. வெல்லம், புளிப்பு, காய்ந்த வைக்கோல், தோல், அடியில் ஈரச் சாக்கின் பூஞ்சணம், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வந்து மூச்சுக்குழலை அடைக்க, இருமலைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே போனான். நெஞ்சில் முழங்கால் ஊன்றியது. விளக்கைத் தரையில் வைத்தான். அடுக்கு அவன் மார்பளவு நின்றது. ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

சாக்கை விலக்கினான். மேல் தட்டு இலையைத் தொட்டதுமே தெரிந்தது. யாரும் இதைப் பிரித்து மாற்றவில்லை. ஒரு முறைகூட. வெளி இலை காய்ந்து நொறுங்கியது. உள் இலை கறுத்துக் குழைந்திருந்தது. இப்படி விட்டால் அடுக்கு அழுகி நாறியிருக்க வேண்டும். நாறவில்லை. அவன் தட்டுத் தட்டாக எடுத்துக் கீழே போட்டான். மூச்சு வாங்க, நின்று நின்று எடுத்தான். இரண்டாவது தட்டு. மூன்றாவது. இடுப்பளவு இறங்கியபோது, இலையின் கனத்த வாசனைக்கு அடியிலிருந்து, மெல்ல, கூச்சப்படுவது போல, வேறொன்று எழுந்தது.

மஞ்சள்.

அவன் நின்றான்.

எண்ணெயும் வேர்வையும். சீரகம். வெற்றிலையோடு ஒரு துளி கிராம்பு.

அவள். முழுசாக அவள். இருட்டில் வந்து படுக்கும்போது ஆளுக்கு முன்னால் வரும் அவள் வாசனை, ஒரு நாளும் மங்காதது போல, வெதுவெதுப்பாக. அவனுக்கு அழுகை வந்தது. அந்த நேரத்தில் பயம் வரவில்லை. தொலைந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவனைப் போல, முகத்தை இலைக்குள் புதைத்து இழுத்து இழுத்து முகர்ந்தான். "சந்திரா" என்றான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டு கையாலும் இலையை வாரினான்.

புகையிலை நிறத்தில் ஒரு கை. இலை நரம்பு போல நரம்பு. சுருங்கிய மணிக்கட்டில் மூன்று பச்சைக் கண்ணாடி வளையல், உடையாமல். விரல்கள் எதையோ தூக்கிக்கொள்ள நீட்டியது போல விரிந்திருந்தன. அவற்றுக்குள் குழந்தையின் இடுப்புக் கயிறு.

ராட்டினத்தின் சத்தம் இல்லை.

எப்போது நின்றது என்று தெரியவில்லை. தெருவில் தூரத்தில் வண்டிச் சக்கரம் உருளும் ஓசை கேட்டது. ராவுத்தரின் வண்டியாக இருக்கலாம். இன்னும் தெருமுனைகூடத் திரும்பவில்லை.

அவன் அசையவில்லை. முகத்தை இலையிலிருந்து எடுக்கவில்லை. மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தான்.

முதலில் விளக்கெண்ணெயின் வாசனை நின்றது. திரி எரிந்துகொண்டிருந்தது. சுவரில் அவன் நிழல் ஆடவில்லை.

பிறகு சாக்கின் பூஞ்சணம்.

பிறகு இலை. நாற்பது கட்டு இலையும்.

மஞ்சள் நின்றது. சீரகம் நின்றது. கடைசியாக அந்த ஒரு துளி கிராம்பு, மூக்கின் உச்சியில், கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம்தான்.

பின்னால் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. அவன் முதுகுக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றது.

அவன் திரும்பவில்லை. கையை மட்டும் மெல்லப் பின்னால் நீட்டினான். ஒரு குட்டிப் பாதம் அகப்பட்டது. வலது பாதம். தடவிக் குதிகாலைப் பிடித்தான். அது கையை உதறவில்லை. குதிகால் பட்ட தன் உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தான்.

இழுத்தான்.

இன்னொரு தரம் இழுத்தான். புளித்த பாலும் இல்லை.

பின்னாலிருந்து குழந்தை இரண்டு கைகளையும் நீட்டி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.